வேம்படி ஒழுங்கையில் எட்டுத் தூண்கள்

கல்முனைப் பிரதான வீதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஸப்னாவின் அலுவலகம். கச்சிமுகம்மது ஹாஜியார் அங்கே வந்து உட்கார்ந்தபோது அவருடைய போன் நிறையத் தூண்கள் இருந்தன. வீட்டுப் படங்கள் என்றுதான் அவர் சொன்னார். ஸப்னாவின் கண்ணுக்குத் தெரிந்தவை தூண்கள் மட்டும்தான்.

"இது கட்டார்ல ஒரு ஷேக்குட வீடு, மகள். முன்னுக்கு எட்டுத் தூண். உச்சியில ரெண்டு கழுகு. எங்கட மகள் ஹப்ஸாக்கு இதைப் போல ஒண்டு வரைஞ்சு தாங்க."

"காணி எங்க இரிக்கி ஹாஜியார்?"

"வேம்படி ஒழுங்கையில. ஏழு பேர்ச்சஸ்."

ஸப்னா பென்சிலைக் கீழே வைத்தாள். ஏழு பேர்ச்சஸ் என்றால் இரண்டாயிரம் சதுர அடிகூட வராது. வேம்படி ஒழுங்கையை அவள் அறிவாள். எதிரும் புதிருமாக இரண்டு ஓட்டோ வந்துவிட்டால் ஒன்று பின்னால் போயே ஆகவேண்டும்.

"ஷேக்குட வீட்டுக்கு முன்னால என்ன இரிக்கி?"

"பெரிய வெளி. புல்லு, பேரீச்ச மரம், அங்கால கேற்."

"உங்கட காணிக்கு முன்னால?"

"றுகையா டீச்சர்ர வீடு."

"அப்ப எட்டுத் தூணையும் டீச்சர் மட்டும்தான் பாக்கப் போறா. அதுவும் கழுத்து நோக."

ஹாஜியார் பெரிதாகச் சிரித்தார். பெண்பிள்ளை பகிடி விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

இந்தக் கரையோர ஊர்களில் மகளுக்கு வீடு கட்டாமல் கலியாணப் பேச்சை எடுக்க முடியாது. மாப்பிள்ளை வந்து குடியேறுவது பெண்ணுடைய வீட்டில்தான். அதற்காகவே வாப்பாமார் உழைத்துத் தேய்கிறார்கள். ஹாஜியாரும் உழைத்தவர்தான். கட்டாரில் பல வருடம் கார் ஓட்டி, ஊருக்கு வந்து டைல்ஸ் கடை போட்டு, அந்த ஒரு கடையை மூன்று கடையாக்கியவர். அவருடைய உழைப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. குறை கண்ணில் இருந்தது. ஒரு பொருள் பெரிதாக இருந்தால் நல்லது, மினுங்கினால் இன்னும் நல்லது என்பதற்கு மேல் அந்தக் கண் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

ஸப்னா மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவள். ஊரில் எல்லோரும் அவளை 'இஞ்சினியர் புள்ள' என்றார்கள். திருத்திப் பார்த்துக் களைத்துப்போய் அப்படியே விட்டிருந்தாள். ஊர்க்காரர்கள் கொண்டுவரும் படங்களை அவள் மனதுக்குள் வகை பிரித்து வைத்திருந்தாள்: டுபாய்க்காரர்கள் கண்ணாடி கேட்பார்கள், சவூதிக்காரர்கள் வளைவு கேட்பார்கள், கொழும்பில் கடை வைத்திருப்பவர்கள் இரண்டையும் கேட்பார்கள். தூணும் கழுகும் சேர்த்துக் கேட்டவர் இவர்தான் முதல் ஆள்.

இருந்தாலும் வேலையை ஒப்புக்கொண்டாள். மறுநாள் பின்னேரம், அசர் தொழுகை நேரம் காணியைப் பார்க்கப் போனாள்.

அழகு என்று சொல்ல அந்த ஒழுங்கையில் ஒன்றும் கிடையாது. ஒரு வீடு பச்சை, அடுத்த வீடு ரோஸ், அதற்கு அடுத்தது பூசாத கல். பாதி ஓடு, பாதி தகரம். ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒன்று பிடிபட்டது. மதில்கள் எல்லாம் நெஞ்சளவு உயரம். இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்து ஆளோடு கதைக்கலாம், ஆனால் எட்டிப் பார்த்தால் மரியாதை இல்லை என்று தெரியும் உயரம். மேல்மாடி வைத்தவர்கள் அதை முன்னுக்குத் தள்ளாமல் பின்னுக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். எந்த மாடியின் ஜன்னலிலிருந்தும் அடுத்தவருடைய கிணற்றடி தெரியவில்லை. இடையில் எப்போதும் ஒரு கூரை மறைத்தது. பின்னேரம் கிழக்கே இருந்து வந்த கடல் காற்று வீடுகளின் மேலால் ஏறி இறங்கி ஒழுங்கைக்குள் விழுந்தது. ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொண்டு கட்டியதில்லை. கிணற்றடியில் குளிக்கும் பெண்களை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் கட்டினார்கள், அவ்வளவுதான்.

ஸப்னா இரண்டு மாடியில் ஒரு வீடு வரைந்தாள். மேல்மாடி பின்னுக்குத் தள்ளி. மேற்கு வெயிலுக்கும் அந்தத் திசையிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கும் தடுப்பாக ஆழமான விறாந்தை. கடல் பக்கம் பெரிய ஜன்னல்கள், ஒழுங்கைப் பக்கம் சிறியவை. நெஞ்சளவு மதில்.

ஹாஜியார் படத்தை மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மகள், இது தாதிமார் குவாட்டர்ஸ் மாதிரியெல்லுவா இரிக்கி."

"தாதிமார் குவாட்டர்ஸில ஆக்கள் சுகமா இரிக்காங்க ஹாஜியார்."

"இந்த ஒழுங்கையில இரிக்கிற வீடுகளுக்க இதுவும் ஒண்டாப் போயிருமே."

"ஓம். அதுக்குத்தான் வரைஞ்ச."

அவர் எழுந்து போனார். அடுத்த வாரம் அவருக்கு வேறொருவன் கிடைத்தான்.

அவன் பெயர் றிஸ்மி. வீடு கட்டிக்கொடுக்கும் கொந்தராத்துக்காரன். கையில் ஒரு லப்டொப், வாயில் ஒரே ஒரு வசனம்: "சூப்பரா வரும் ஹாஜி." கேட்டதையெல்லாம் கணினியில் கட்டிக் காட்டினான். அந்தப் படத்தில் எட்டுத் தூணும் இரண்டு கழுகும் பொன்னிறக் கண்ணாடியும் இருந்தன. வீட்டுக்கு முன்னால் ஒரு புல்வெளி இருந்தது. புல்வெளியில் ஒரு சிவப்புக் கார் நின்றது. பின்னால் வானம், வானத்தில் பறவைகள். ஒழுங்கை இல்லை, கரண்ட் கம்பம் இல்லை, றுகையா டீச்சருடைய வீடு இல்லை. ஏழு பேர்ச்சஸ் காணிக்குள் இவ்வளவும் எப்படி அடங்கும் என்று ஹாஜியார் கேட்கவில்லை. டைல்ஸ் அளந்து விற்றே பணக்காரரானவர், தன் வீட்டை மட்டும் அளக்க மறந்துவிட்டார்.

வீடு எழும்பியது. முதலில் மதில், ஆள் உயரத்துக்கு மேல். பிறகு காணியின் விளிம்போடு முதல் மாடி, அதே விளிம்பில் இரண்டாம் மாடி, அதற்கும் மேலே பல்கனியோடு மூன்றாவது. மூன்றாவது மாடிக்கு உண்மையில் வேலை எதுவும் கிடையாது. தூண் முடியும் உயரத்தில் ஏதாவது இருக்கவேண்டுமே என்பதற்காகச் அஸ்பெஸ்டஸ் சீற் கூரை போட்டு ஒரு மண்டபம் வைத்தார்கள். அச்சில் வார்த்த தூண்களை லொறியில் கொண்டுவந்தபோது லொறி ஒழுங்கைக்குள் நுழையவில்லை. எட்டையும் ஒவ்வொன்றாகத் தள்ளுவண்டியில் கிடத்தி, மையித்தை அடக்கக் கொண்டுபோவதைப் போல ஆட்கள் சூழ்ந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

எதிர்வீட்டு றுகையா டீச்சர் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மகளும் மருமகனும் கூட இருந்தார்கள். வீடு ஒற்றைத் தட்டு. மூன்றாவது மாடிக்குக் கல் அடுக்கத் தொடங்கிய அன்று அவர் ஒழுங்கையைக் கடந்து வந்தார்.

"ஹாஜியார், அந்தப் பல்கனியில நிண்டா எங்கட கிணத்தடி தெரியும்."

"அதுக்குக் கறுப்புக் கண்ணாடி போடப் போறம் டீச்சர். உள்ளுக்கு நிக்கிற ஆளை உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"அவர எனக்குத் தெரியாட்டி, நான் அவருக்குத் தெரியாமப் போயிருவனா?"

ஹாஜியாருக்கு அது விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் கோபம் வந்தது.

"டீச்சர், நான் என்ட காணிக்குள்ளதான் கட்டுறன்."

"காணிக்குள்ளதான். காத்தும் வெளிச்சமும்தான் எங்கட."

டீச்சர் அதற்கு மேல் நிற்கவில்லை. அந்த மாதக் கடைசியிலிருந்து அவருடைய வீட்டு முற்றத்தில் பின்னேரக் காற்று விழவில்லை. தென்னோலை அசைவது மட்டும் தூரத்தில் தெரிந்தது. கழுகுகள் இரண்டும் மேலே ஏறியபின், வெயில் சாயும் நேரத்தில் பொன்னிறக் கண்ணாடி மேற்கு வெயிலை வாங்கி அப்படியே டீச்சருடைய அறைக்குள் எறிந்தது. டீச்சர் ஜன்னலில் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார். பூப்போட்ட விரிப்பு. ஹாஜியாருடைய பிரதான வாசலுக்கு நேரெதிரே தொங்கியது.

வீட்டு வேலை முடியும் தறுவாயில் ஹாஜியார் ஒரு போட்டோ எடுக்க ஆசைப்பட்டார். கடைக் கலண்டரில் போடவேண்டும், கட்டாரில் இருக்கும் பழைய கூட்டாளிகளுக்கு அனுப்பவேண்டும். வெள்ளைச் சாரனும் சேட்டும் உடுத்துக்கொண்டு ஒழுங்கையில் நின்று போனைத் தூக்கினார். இரண்டு தூண்களின் நடுப்பகுதி வந்தது. பின்னுக்குப் போனார். முதுகு டீச்சருடைய மதிலில் இடித்தது. குந்தினார், போதவில்லை. கடைசியில் மணலில் மல்லாந்து படுத்தார். மருதமுனைப் பக்கமிருந்து சைக்கிளில் வந்த ஒரு மனிதர் பதறிப்போய் இறங்கினார்.

"என்ன ஹாஜியார், மயக்கமா? தண்ணி கொண்டரவா?"

"இல்ல, இல்ல. போட்டோ எடுக்கிறன்."

சைக்கிள்காரர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஒழுங்கை முனையைத் தாண்டியபின் அவர் சிரித்தது எல்லா வீட்டுக்கும் கேட்டது.

அன்று பின்னேரமே ஹாஜியார் டீச்சருடைய வீட்டுக்குப் போனார். டீச்சர் தேத்தண்ணி கொடுத்தார். இந்த ஊரில் யாரை எவ்வளவு வெறுத்தாலும் தேத்தண்ணி கொடுக்காமல் இருக்க முடியாது.

"டீச்சர், இந்த வீட்ட எனக்குத் தாங்க. நீங்க சொல்ற விலை."

"வாங்கி?"

"உடைக்கப் போறன்."

"உடைச்சுப்போட்டு என்ன கட்டப் போறீங்க?"

"ஒண்டும் கட்டல்ல. வெறுங்காணியா விடப் போறன்."

"எதுக்கு?"

ஹாஜியார் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீடு தெரியணும்."

டீச்சர் உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். "நிப்லா, இங்க வாகா. ஹாஜியார் என்ன சொல்றார் எண்டு நீயும் ஒருக்கா கேளு. நான் சொன்னா நம்ப மாட்டாய்."

ஹாஜியார் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே கதை கடற்கரை வரைக்கும் போயிருந்தது. மீன் விற்கிறவர்கள்கூட வீடு வீடாகப் போய், "விலகி நில்லுங்க, ஹாஜியார்ர வீடு தெரியல்ல" என்று சொல்லத் தொடங்கினார்கள்.

இவ்வளவு நாளும் இந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. ஹப்ஸா மருந்தாளர் படிப்பு முடித்தவள். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கும் நஸீம் என்ற மாப்பிள்ளை பேசி முடிவாகியிருந்தது. வீடு முதலே அவள் பேரில் எழுதப்பட்டிருந்தது. வாப்பாவின் ஆசை என்று பேசாமல் இருந்தாள். ஜன்னல்களுக்குத் திரைச்சேலை அளக்க உம்மாவோடு போன நாளில்தான் முதல் தடவையாக மூன்றாவது மாடிக்கு ஏறினாள்.

கறுப்புக் கண்ணாடி இன்னும் போடாத பல்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். டீச்சருடைய கூரைக்கு அங்கால, நேரே கீழே கிணற்றடி. நிப்லா குறுக்குக் கட்டோடு தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள். ஹப்ஸாவோடு ஒரே வகுப்பில் படித்தவள், பத்து வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவள். ஏதோ உறைத்ததுபோல் நிப்லா நிமிர்ந்து பார்த்தாள். இருவருடைய கண்களும் சந்தித்தன. நிப்லா வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

ஹப்ஸா அளவு நாடாவை உம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். நிப்லாவைத் தேடிப் போக நினைத்தாள், கால் வரவில்லை. இன்று பார்த்தவள் பெண், அதனால் பரவாயில்லை, நாளைக்கு அங்கே நிற்கப்போவது கலியாணத்துக்கு வரும் மாப்பிள்ளை வீட்டு ஆம்பிளைகள். அதை நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

இரவுச் சாப்பாட்டில் வைத்துச் சொன்னாள்.

"வாப்பா, நான் அந்த வீட்டில இரிக்க மாட்டன்."

"ஏன்? அதில என்ன குறை?"

"குறை ஒண்டுமில்ல வாப்பா. எல்லாம் கூடத்தான்."

ஹாஜியார் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "உனக்கு விளங்காது. அந்த ஷேக்குட வீட்டுக் கேற்றடியில, தீ மாதிரி வெயிலுக்க, காருக்க குந்தியிருந்திருக்கன். ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது உள்ளுக்கு வா எண்டு சொல்லல்ல. அப்ப நினைச்சன், என்ட புள்ள இப்படி ஒரு வீட்டுக்க இரிக்கணும் எண்டு."

ஹப்ஸாவுக்கு அழுகை வந்தது. ஆனாலும் விடவில்லை.

"உங்கள ஒரு மனிசனா மதிக்காதவன். அவன்ட வீட்டையா எனக்குத் தாறீங்க?"

அந்த இடத்தில் ஹாஜியாருடைய மனம் மாறியது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. மாறவில்லை. பல்கனிக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, அதற்கு மேல் கறுப்புத் தாளும் ஒட்டலாம் என்றார். பல்கனிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்திருக்கலாம் என்றார். றுகையா டீச்சர் பொறாமையில் மகளைக் கெடுத்துவிட்டார் என்றார். ஹப்ஸா அப்படியானால் கலியாணம் வேண்டாம் என்றாள். மாப்பிள்ளை நஸீமிடம் அவளே போனில் பேசினாள். "எனக்கு என்னத்துக்குத் தூண்? மழைக்கு ஒழுகாட்டிப் போதும்" என்றான் அவன். கலியாண மண்டபம் பேசியாகிவிட்டது, அழைப்பு ஊரெல்லாம் போய்விட்டது. நடக்காவிட்டால் ஊர் இன்னொரு முறை சிரிக்கும். அந்தப் பயத்தில்தான் ஹாஜியார் இறங்கி வந்தார்.

ஹப்ஸா ஸப்னாவின் அலுவலகத்துக்கு வந்தாள்.

"ராத்தா, வாப்பா முதல் உங்களிட்டத்தான் வந்தாராம். இப்ப திருத்தித் தர ஏலுமா?"

"அத வந்து பாத்துப்போட்டுச் சொல்றன்."

ஸப்னா வந்து பார்த்தாள். மூன்று மாடியும் ஏறி இறங்கினாள். இரண்டாம் மாடியின் முன்னறையில் கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். வியர்வை முதுகால் வழிந்தது. கடல் பக்கச் சுவரில் ஜன்னலே இல்லை, அங்கே குளியலறைகளை அடுக்கி வைத்திருந்தான் றிஸ்மி. கல்முனையில் வீடு கட்டி, கடல் காற்றைக் கழிவறைக்குக் கொடுத்தவன்!

"இதத் திருத்த ஏலா" என்றாள் ஸப்னா. "கழிக்கத்தான் ஏலும்."

கழித்தார்கள். மூன்றாவது மாடி முழுதாகப் போனது. தூண்கள் போயின, கழுகுகள் போயின. பொன்னிறக் கண்ணாடியைக் கழற்றி, மேல்மாடி முன்னறைகளை உள்ளே இழுத்து, அந்த இடத்தை நிழல் விறாந்தையாக்கினாள். குளியலறைகளை நடுவுக்கு மாற்றி, கடல் பக்கம் சுவரை வெட்டி ஜன்னல் வைத்தாள். மதிலை நெஞ்சளவுக்குக் குறைத்தாள். உடைத்தவனும் றிஸ்மிதான். கட்டியபோது சொன்ன அதே வசனத்தை உடைக்கும்போதும் சொன்னான். உடைப்பதில் அவன் உண்மையாகவே கெட்டிக்காரனாக இருந்தான்.

வேலை நடந்த நாட்களில் ஹாஜியார் ஒழுங்கைப் பக்கமே வரவில்லை. கடைசித் தூணை இறக்கி வண்டியில் கொண்டுபோகும்போது மட்டும் ஒழுங்கை முனையில் நின்று பார்த்தார். ஒழுங்கை வளையும் இடத்தில் தூண் கரண்ட் கம்பத்தோடு உரசியதும், "பாத்து, பாத்து" என்று ஓடி வந்து தானும் ஒரு கை பிடித்தார். அந்த நேரத்தில் மட்டும் ஸப்னாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அது நிலைக்க அவர் விடவில்லை. சவளக்கடை வீதியில், வயல் ஓரமாக ஒரு மேட்டுக் காணி வாங்கி எட்டுத் தூணையும் அங்கே நட்டுவிட்டார். கலியாண மண்டபம் வரப்போகிறதாம். மண்டபம் இன்னும் வரவில்லை. நெல் வேளாண்மைக்கு நடுவே எட்டுத் தூணும் இரண்டு கழுகும் எதையும் தாங்காமல் நிற்கின்றன. வீதியில் போகிற எல்லோருக்கும் நன்றாகத் தெரிகின்றன. ஹாஜியார் போட்டோவும் எடுத்துவிட்டார்.

கலியாணம் முடிந்து சில வாரங்களுக்குப் பின், விறாந்தையில் மழைத் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க ஸப்னா வந்தாள். தேங்கவில்லை. வீடு அழகாக வந்துவிட்டது என்று அவளால் சொல்ல முடியவில்லை. கீழ்மாடி இன்னும் காணியின் விளிம்பை முட்டிக்கொண்டு, இடுப்பு பெருத்த மனிதரைப் போல நின்றது. ஆனால் சைக்கிளில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

எதிர் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு றுகையா டீச்சர் நின்றார். ஜன்னலில் படுக்கை விரிப்பு இல்லை. பின்னேரக் காற்று அவருடைய முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தது.

"காத்து வருகுதா டீச்சர்?"

"வருகுது, வருகுது. முந்தி மாதிரி இல்ல. முக்கால்வாசி."

நன்றி என்ற சொல் வரும் என்று ஸப்னா எதிர்பார்த்திருந்தால் அது அவளுடைய பிழை. டீச்சர் எதிர்வீட்டை மேலிருந்து கீழ்வரை, தேர்வுத்தாள் திருத்தும் முகத்தோடு பார்த்தார்.

"நிறம்தான் சரியில்ல. வாந்தி மாதிரி ஒரு மஞ்சள்."

"அது நான் சொன்ன நிறமில்ல டீச்சர். ஹப்ஸா தெரிஞ்செடுத்த."

"அதுதானே பாத்தன்" என்றார் டீச்சர். "அவளும் கச்சிமுகம்மதுட மகள்தானே."